மார்சியா யார் கைவேலை

ஒர்சோலா நென்சீனிக்குக் கோபம் வந்தால் ஃப்ளாரன்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அருங்காட்சியகக் காவலாளி, பழம்பொருள் வியாபாரி, பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்த ஊரில் குறைவு. பழைய காலத்துச் சின்ன வெண்கலச் சிலைகளை யார் செய்தார்கள் என்று சொல்வது அவள் தொழில். கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, விரலால் தடவி, இது இன்னார் கைவேலை என்று அவள் சொல்லிவிட்டால் சொன்னதுதான். பிறகு மாற்றிக்கொண்ட வழக்கமே கிடையாது. அதனால்தான் அவள் தம்பி நேரி அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து அவன் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை வாயைத் திறக்காமல் இருந்தான்.

"அக்கா, நம்ம மார்சியாவைப் பத்தி ஒரு விஷயம்."

"அதுக்கென்ன இப்போ?"

"லண்டன்ல ஒருத்தர் கேக்கறார். நல்ல பார்ட்டி. நீ ஒரு தாள் மட்டும் எழுதிக் கொடுத்தா போதும்."

"என்னன்னு எழுதணும்?"

நேரி பழத்தட்டிலிருந்து ஒரு வால்நட்டை எடுத்து உருட்டினான். "பிற்காலத்துல யாரோ செஞ்ச நகல்னு."

மார்சியா அவர்கள் அப்பா அத்தீலியோவின் மேஜைமேல் நின்ற சிலை. முழங்கை நீளம்தான் இருக்கும். பாதி மனிதன், பாதி ஆடு. குழலூதிக் கடவுளோடு இசைப் போட்டிக்குப் போய்த் தோற்று, மரத்தில் கட்டி வைத்து உயிரோடு தோலுரிக்கப்பட்டவன் மார்சியா. ஒரு கை தலைக்குமேல் மரத்தோடு கட்டப்பட்டிருக்கும், வாய் திறந்திருக்கும். முந்நூறு வருஷத்துக்கு முன், பரோக் காலத்தில், மெடிச்சி குடும்பத்தின் கடைசி ஆட்கள் ஊரை ஆண்டபோது, கஸ்பாரே பல்தெல்லி என்ற சிற்பி செய்தது. பல்தெல்லியைப் பற்றி உலகத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கிறது. எழுதியவள் ஒர்சோலா, அட்டைப்படம் இந்த மார்சியா. அப்பா போன பிறகு அவர் வீட்டில் அவள்தான் குடியிருந்தாள், சிலை மட்டும் இருவருக்கும் பொது.

வேறு ஊராக இருந்தால் சிலை வைத்திருப்பவன் நிபுணர் காலில் விழுந்து, பெரிய பெயராகப் போடுங்கள் என்று கெஞ்சுவான். இந்த ஊரில் தலைகீழ். பெரிய பெயர் என்று தெரிந்தால் அரசாங்கம் முத்திரை குத்திவிடும், அப்புறம் அந்தப் பொருள் நாட்டைத் தாண்டி ஒரு அடி நகராது. உள்ளூரில் விற்றால் பாதி விலைகூடத் தேறாது. எனவே காகிதத்தில் மேதை சிஷ்யன் ஆவான், சிஷ்யன் நகலெடுத்தவன் ஆவான். ஒன்றுமில்லாத பொருளாக எல்லையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் போனதும் மறுபடி மேதையின் கைவேலையாக எழுந்து நிற்கும். இதற்கென்றே காகிதம் எழுதிப் பிழைக்கிற படித்தவர்கள் உண்டு. ஒர்சோலாவுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது.

"நேரி, நான் யாருன்னு நினைச்சுப் பேசற நீ?"

"ஆரம்பிச்சுட்டியா. ஒரு தாள்தானே அக்கா. லண்டன் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தாள் எழுது, அசல்தான்னு. ரெண்டும் சரியாப் போயிடும்."

"என் பேரைப் போட்டு ஒரு பொய், அப்புறம் அதே பேரைப் போட்டு அது பொய்னு ஒரு தாள். இதுக்கு உனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்கு எதுக்கு வெக்கம்? டைல்ஸ் விக்கறவன் நான். நீதான் மகராணி. அப்பா மேஜையில உக்காந்து அப்பா சிலையைப் பார்த்துட்டே காலத்தை ஓட்டிட்டே. எனக்குன்னு அந்த வீட்லருந்து என்ன வந்துச்சு?"

அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். உள்ளேயிருந்து நேரியின் மனைவி, காபி வச்சிருக்கேன், குடிச்சுட்டுப் போங்க என்றாள். அந்தக் காபியை உன் புருஷன் தலையில் ஊற்று என்று சொல்லிவிட்டு ஒர்சோலா படியிறங்கினாள். ஆர்னோ ஆற்றைத் தாண்டி வீடு போய்ச் சேரும்வரை அவள் வாய் ஓயவில்லை. அவள் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே போவதைப் பார்த்து எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

நேரி சும்மா இருப்பவன் இல்லை. அக்கா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, தன்னிடமிருந்த சாவியைப் போட்டு வீட்டைத் திறந்து, மார்சியாவை நாலு பக்கமும் படமெடுத்தான். அதைக் கொண்டுபோய்த் தெபால்தோவிடம் கொடுத்தான். தெபால்தோ ஓய்வுபெற்ற பேராசிரியர். ஒர்சோலாவின் புத்தகம் வந்ததிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசாதவர். அவள் அசல் என்று சொன்ன ஒன்றை நகல் என்று எழுதக் கிடைத்த வாய்ப்பை விடுவாரா? அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு இது தெரிந்தது சாந்தோ ஸ்பிரித்தோ சதுக்கத்துக் காபிக் கடையில். தெபால்தோவே சொன்னார். கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடையில் நின்ற எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"உங்க வீட்டுப் பொம்மைக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கேன், ஒர்சோலா. கோச்சுக்காதே."

"பார்த்தீங்களா?"

"போட்டோ பார்த்தேன்."

"போட்டோ. கையில தொடாம, கவிழ்த்துப் பார்க்காம."

"எனக்கு அது போதும். உன் தம்பிக்கு சந்தோஷம், லண்டன்காரனுக்கு சந்தோஷம், ஏற்றுமதி ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கும் வேலை மிச்சம். நீ ஒருத்திதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டிருக்க."

"தெபால்தோ, நீங்க எழுதினது பொய்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்று சிரித்தார் மனிதர். "அதை நீ நிரூபிக்கணுமே."

அவள் அவரை அடித்திருப்பாள். கடைக்காரன் நடுவில் வந்து நின்றான். காபியைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, நேரே ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி அம்மாள் பொறுமைசாலி, ஒர்சோலாவைப் பல வருஷமாகத் தெரிந்தவள். சிலையை வெளிநாடு அனுப்பத் தம்பி கொடுத்த மனுவையும் தெபால்தோவின் தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க அசல்னு சொல்றீங்க, பேராசிரியர் நகல்னு சொல்றார். உங்க புத்தக அட்டையிலயே இருக்கு, நானும் பார்த்திருக்கேன். ஆனா சிலையில உங்களுக்கும் பங்கு இருக்கு, தம்பியோட சண்டை வேற. நாளைக்கு நீங்க வீம்புக்கு நிறுத்தினீங்கன்னு அவர் கோர்ட்டுக்குப் போனா நான் என்ன சொல்றது? ஒரு சோதனை அறிக்கை கொண்டு வாங்க. அதுவரைக்கும் நான் மனுவை நகர்த்தல."

"கொண்டு வரேன். அந்தக் கிழவன் எழுதின தாளை அவன் வாயிலயே திணிக்கறேன்."

அதிகாரி அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மார்சியாவைப் பழைய கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, ஒர்சோலா டாக்ஸியில் போனாள். பழுதுபார்க்கும் கூடத்தில் லெதிஷியா இருந்தாள். உலோகச் சிலைகளை எக்ஸ்ரே எடுப்பவள், ஒர்சோலாவின் மாணவர்களுக்குச் சில வகுப்புகள் எடுத்தவள், அவளிடம் பயமில்லாமல் பேசுகிற சிலரில் ஒருத்தி. எக்ஸ்ரே எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தெபால்தோ கதை அதற்குள் கூடம்வரை வந்திருந்தது.

படம் திரையில் வந்தது. லெதிஷியா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

"தூக்கின கையைப் பாரு. தோளோட சேர்ற இடம்."

பார்த்தாள். கையைத் தனியாக வார்த்துத் தோளில் பொருத்தியிருந்தார்கள். அதில் தப்பில்லை, அந்தக் காலத்திலும் செய்ததுதான். ஆனால் உள்ளே ஒரு திருகாணி இருந்தது. மரைகள் ஒன்றுபோல ஒன்று, நூல் பிடித்த மாதிரி, தலையில் வெட்டு, அடியில் தட்டையான முனை. பல்தெல்லி காலத்தில் மரையைக் கையால் அரத்தை வைத்து வெட்டினார்கள். ஒன்று ஒரு பக்கம் சாயும், இன்னொன்று இன்னொரு பக்கம் சாயும். இது மெஷினில் வெட்டினது. அறுபதுகளில் ஆர்னோவில் வெள்ளம் வந்த காலத்தில்கூட எந்த இரும்புக் கடையிலும் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொடுத்திருப்பார்கள்.

"பின்னாடி யாராவது கையை ரிப்பேர் பண்ணியிருப்பாங்க," என்றாள் ஒர்சோலா.

"பண்ணியிருந்தா பழைய ஆணி இருந்த துளை தெரியும். இல்ல. உள் பக்கச் சுவரைப் பாரு, முழுக்க ஒரே கனம். பழைய வார்ப்புல இப்படி வராது. இது புதுசு."

"உன் மெஷின் கெட்டுப்போச்சு."

"ஒர்சோலா."

"கெட்டுப்போச்சுன்னு சொல்றேன். மறுபடி எடு."

மறுபடி எடுத்தாள், கவிழ்த்து எடுத்தாள், படுக்க வைத்து எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அதே திருகாணி வந்து நின்றது. கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். ஒர்சோலா லெதிஷியாவைத் திட்டினாள், கூடத்தைத் திட்டினாள், தெபால்தோவைத் திட்டினாள். தெபால்தோவைத் திட்டும்போது பாதியில் நின்றுவிட்டாள். அந்த ஆள் பார்க்காமலே எழுதிய பொய் உண்மையாகிவிட்டது. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

லெதிஷியா அலமாரியிலிருந்து ஒர்சோலாவின் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"நீ இதுல எம்போலியில இருக்கற இன்னொரு மார்சியாவைப் பத்தி எழுதியிருக்கே. மருந்துக்கடைக்காரர் ஒருத்தரோடது. நகல்னு தள்ளிட்டே."

"தெரியும். நான் எழுதினதுதான்."

"அது இதைவிடச் சுண்டுவிரல் நகம் அளவு உயரம்னும் நீதான் எழுதியிருக்கே. அளவு சேராததால நகல்னு." லெதிஷியா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு சிலைமேல அச்செடுத்து இன்னொண்ணு வார்த்தா, அது சுருங்கும். வளராது. இதை நீதானே பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கற."

புத்தகத்தில் எம்போலி சிலையின் படம் சின்னதாக, கறுப்பு வெள்ளையில் இருந்தது. இடது குளம்புக்குமேல் வார்ப்பில் ஒரு கீறல். மேஜைமேல் இருந்த சிலையிலும் அதே இடத்தில் அதே கீறல் உண்டு, ஓரம் மழுங்கி இருந்தது. தேய்ந்த நாணயம்போல எல்லாமே கொஞ்சம் மழுங்கித்தான் இருந்தன, வாய், விரல், கயிற்று முடிச்சு. அந்த மழுக்கத்தைத்தான் அவள் ஒரு அத்தியாயம் முழுக்க பல்தெல்லியின் மென்மை என்று எழுதியிருந்தாள். எம்போலி சிலையின் கூர்மையைக் கை நடுங்கிய நகல்காரனின் முரட்டுத்தனம் என்று எழுதியிருந்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த ஒன்றை அளவுகோலாக வைத்து உலகத்தை அளந்தவள் அவள், அந்த அளவுகோலே போலி.

அன்று சாயங்காலம் நேரி வந்தான். அறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வந்தான். அவள் சொன்னதும் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னது, நகலா? நீ என்ன விளையாடறியா? அது அசல்."

"போன வாரம் நகல்னு எழுதச் சொன்னே."

"எழுதத்தான் சொன்னேன், அது நகலா இருக்கச் சொன்னேனா? அக்கா, லண்டன்காரன் அசல்னு நினைச்சு வாங்கறான். நீ அட்டையில போட்டிருக்கே. நீ சொன்னா சொன்னதுதான்னு ஊரே சொல்லுது. இப்போ போய் ஒரு திருகாணியைப் பார்த்துட்டு..."

"வாயை மூடு நேரி."

"அப்பா நாற்பது வருஷம் மேஜையில வச்சிருந்தார். அப்பா பொய் சொல்வாரா?"

அவள் மார்சியாவின் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். நேரிக்கு அதுதான் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கத்தாமல் இருந்து அவன் பார்த்ததில்லை. மார்சியாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அந்தத் திருகாணியைக் கழட்டிட்டா?" என்று கேட்டான். அவள் அவன் கோட்டுக் காலரைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உடனே அதிகாரி அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பேராசிரியர் எழுதியதுதான் சரி, சிலை நகல், எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றாள். அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் அந்த அம்மாள் இரண்டு தரம் திருப்பிக் கேட்டாள்.

தெபால்தோ ஊரெல்லாம் தன் கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தார். போட்டோவைப் பார்த்தே கண்டுபிடித்தாராம். அதைக்கூட ஒர்சோலா பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பொறுக்க முடியாதது வேறொன்று.

இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் எம்போலியில் ஒரு பெரிய மண்டபத்தில், ஊர்க்காரர்கள் வீட்டுப் பழம்பொருட்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். எர்மானோ பஞோலி என்ற மருந்துக்கடைக்காரர் தன் மார்சியாவைக் கொடுத்திருந்தார். பெயர்ப்பலகையில் பல்தெல்லி என்று போட்டிருந்தது. பேச வந்தவள் ஒர்சோலா. மேடையில் மைக்கைப் பிடித்து, பல்தெல்லியின் மார்சியா எங்கள் வீட்டில் இருக்கிறான், இவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த வேறு யாரோ என்றாள். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் எர்மானோவும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் காரில் அங்கே கூட்டிப்போனவர் அப்பா. முழங்கால் வலிக்கிறது என்று மண்டபத்துக்குள் வராமல் காரிலேயே இருந்துவிட்டார். திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, காட்டுப்பன்றிக் கறி வாங்கிக் கொடுத்து, சபாஷ் என்று அவள் தோளில் தட்டினார்.

எல்லாம் தெரிந்தேதான் தட்டினாரோ என்று அந்தச் சபாஷ்தான் அவளைத் தின்றது. அப்பா செத்து எட்டு வருஷம் ஆகிறது. கல்லறைக்குப் போய்க் கத்தினால் பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவர்கள் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

எர்மானோவைப் பார்க்க எம்போலிக்கு ரயிலில் போகும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவளுக்கு ஏழெட்டு வயது. மார்சியாவின் தூக்கிய கைக்கும் மரத்துக்கும் நடுவில் விரலை விட்டு எடுப்பது அவளுக்கு விளையாட்டு. ஒரு கோடையில் அப்பா சிலையைச் சுத்தம் பண்ணக் கொடுத்தார். திரும்பி வந்தபோது விரல் நுழையவில்லை. மார்சியா சின்னதாயிட்டான் அப்பா என்றாள். நீ வளர்ந்துட்டேடி, உன் விரல் பருத்துடுச்சு என்று அப்பா சிரித்தார், அம்மாவும் சிரித்தாள். அவள் ரயில் பெட்டியில் கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மருந்துக்கடையை யாரோ வாங்கி அங்கே இப்போது கைபேசி விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மத்தியானத்தில் மக்கள் மன்றத்தில் சீட்டாடிக்கொண்டிருப்பார் என்று சொன்னார்கள். மன்றத்தில் ஈரக் கோட்டு வாசனையும் காபி வாசனையும் கலந்து அடித்தன. பல மேஜைகளில் கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரரையும் அங்கே டாக்டர் என்றுதான் சொல்வார்கள்; கோப்பை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் டாக்டர் எர்மானோ பஞோலி இருக்கிறாரா என்று கேட்டாள்.

"எந்த பஞோலி?"

"மருந்துக்கடை வச்சிருந்தாரே."

"ஓ, டூப்பு டாக்டரா? ஜன்னல் பக்கத்து மேஜை. தொப்பி போட்டிருக்கார் பாருங்க."

ஒர்சோலாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்காட்சி நடந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்திருப்பாள்.

எர்மானோ ஒர்சோலாவை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எண்பத்தேழு வயது, கைச்சீட்டுகள் லேசாக ஆடின, கண் மட்டும் ஆடவில்லை. எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"வாங்க நென்சீனி மேடம். சாப்பிட்டுட்டு வந்தீங்களா?"

அவள் அதைப் பல்லைக் கடித்து வாங்கிக்கொண்டாள். "உங்க மார்சியா அசல். எங்க வீட்ல இருக்கறது உங்களுதுமேல அச்செடுத்த நகல். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்களே கண்டுபிடிச்சுட்டு வந்துட்டீங்க, இனிமே மறைச்சு என்ன? உங்கப்பாகிட்டருந்துதானே வாங்கினேன்." ஒரு சீட்டை எடுத்து இன்னொன்றுக்குப் பக்கத்தில் சொருகினார். "எதுக்கு விக்கறார்னு நான் கேக்கல. வீட்ல யாருக்கும் தெரியக்கூடாது, பொண்டாட்டி பிள்ளைங்களுக்குக்கூட. யார்கிட்ட வாங்கினேன்னு சாகறவரைக்கும் சொல்லமாட்டேன்னு கை கொடுன்னார். கொடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சிலை கைக்கு வந்துச்சு. இடையில எதுக்கு இவ்வளவு நாள்னு நினைச்சேன். அப்புறம் உங்க புத்தக அட்டையைப் பார்த்ததும் புரிஞ்சுது, அதுக்குள்ள ஒரு நகல் வார்த்துக்கிட்டார்னு."

"அன்னைக்கு மேடையில நான் பேசினப்போ முன்னாடிதானே உக்காந்திருந்தீங்க. அப்பவே எழுந்து சொல்லியிருக்கலாமே."

"கை கொடுத்திருக்கேன்னு சொன்னேனே, கேக்கலையா? மறுநாள் உங்கப்பாவுக்கு போன் பண்ணேன். உங்க பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளே, ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்கன்னேன். வாக்கு வாக்குதான் டாக்டர்னு போனை வச்சுட்டார்."

"அவர் செத்து எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமாவது..."

"செத்தவனுக்குக் கொடுத்த வாக்கை யார்கிட்டப் போய்த் திருப்பிக் கேக்கறது?" முதல் தடவையாக அவர் குரல் ஏறியது. பக்கத்து மேஜைகள் திரும்பின. "என் பொண்டாட்டி நான் ஏமாந்தவன்னு நினைச்சுட்டே செத்தா. என் பையன் இந்த ஊரே வேண்டாம்னு போயிட்டான். மருந்து வாங்க வர்றவன்கூட, டாக்டர் மாத்திரையாவது அசல்தானேன்னு கேப்பான். கேட்டுட்டு சிரிப்பான். என் சிலையை நீங்க கையில எடுத்தீங்களா அன்னைக்கு? எடுக்கல. கண்ணாடிப் பெட்டிக்கு வெளிய நின்னு பார்த்தீங்க. பெட்டியைத் திறக்கச் சாவி கொண்டு வரேன்னு நான் ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள நீங்க மேடை ஏறிட்டீங்க."

தொடாமல், கவிழ்த்துப் பார்க்காமல். அவள் முகம் எரிந்தது. தெபால்தோவிடம் அவள் எறிந்த வார்த்தைகள் அவை.

"நான் புத்தகத்துல திருத்தி எழுதறேன். பத்திரிகையில போடறேன். என் பேர் போட்டு, என் தப்புன்னு."

"உங்க புத்தகத்தை இந்த மன்றத்துல யார் படிச்சான்? யாரும் படிக்கல. நீங்க மைக்ல சொன்னதைத்தான் கேட்டாங்க. இங்க மைக் இல்ல. இருக்கற தொண்டையை வச்சு சொல்லுங்க."

ஒர்சோலா திரும்பி நின்றாள். வகுப்பில் பேசுகிற குரல் அவளுக்கு உண்டு, சண்டை போடுகிற குரலும் உண்டு. இரண்டும் வரவில்லை. கோப்பை துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே வைத்தாள்.

"என் பேர் ஒர்சோலா நென்சீனி. இவர் மார்சியாவை நகல்னு இந்த ஊர்ல சொன்னது நான்தான். அது நகல் இல்ல, பல்தெல்லி கைவேலை. எங்க வீட்ல இருந்ததுதான் போலி. எங்கப்பா அசலை இவருக்கு வித்துட்டு, எங்களுக்குப் போலியை வச்சார். இவருக்கு அது தெரியும். வாக்குக் கொடுத்ததால வாயைத் திறக்கல. ஏமாந்தது நான். இவர் இல்ல."

ஒரு மேஜையில் ஒருவர் இருமினார். எதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த கிழவர், நரைத்த புருவத்துக்குக் கீழே அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் கைச்சீட்டுக்குத் திரும்பினார்.

"சரி டூப்பு, உன் முறை. போடு."

அவள் மேஜைமேல் கையை ஓங்கி அறைந்தாள். சீட்டுகள் குதித்தன. "அவர் பேர் எர்மானோ. இப்போதானே சொன்னேன், காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா. நல்லாத்தான் சொன்னே," என்றார் அந்தக் கிழவர். அவர் குரலில் கோபமில்லை. "நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், அவன் பேர் எனக்குத் தெரியாதா? எர்மானோன்னு கூப்பிட்டுப் பாரேன். திரும்ப மாட்டான்."

எர்மானோ அவளைப் பார்க்கவில்லை. கலைந்த சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கி, ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார்.